‘தி எக்ஸார்சிஸ்ட்’ நாவலுக்கு வாசகர் கருத்து எழுதுவது எப்படி

“படித்து முடித்த இரவு தூக்கமே வரவில்லை” என்று ஒருவர் எழுதுகிறார். “எனக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை” என்று இன்னொருவர் எழுதுகிறார். இரண்டையும் படித்துவிட்டு நாவலை வாங்கலாமா வேண்டாமா என்று யாராலும் முடிவெடுக்க முடியாது. பயம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் பயத்தை வரவழைக்க நாவல் எதை மறைத்தது, எதைத் தள்ளிப்போட்டது, எந்த இடத்தில் நம்மை இரண்டுங்கெட்டான் நிலையில் நிறுத்தியது என்பது எல்லாருக்கும் ஒன்றுதான். கருத்து எழுதுகிறவர் சொல்ல வேண்டியது அதைத்தான்.

வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971இல் வெளியிட்ட இந்த நாவலில், நடிகை கிறிஸின் மகள் ரீகனின் நடத்தை விநோதமாக மாறுகிறது; அவளைப் பிசாசு பிடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிசாசு, மாந்திரீகம், மருத்துவம், துப்பறிதல் நான்கும் ஒரே கதையில் இருப்பதால், இதைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறும் இடங்களும் அதிகம். கதையின் நடுப்பகுதியில் வரும் சில விஷயங்களைக் கீழே தொட வேண்டியிருக்கிறது. முடிவைத் தொடவில்லை.

முதலில் படத்தை ஒதுக்கி வையுங்கள்

1973இல் வந்த படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் பிளாட்டிதான். அதற்காக ஆஸ்கரும் வாங்கினார். அதனால் படமும் நாவலும் ஒன்றே என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நாவலுக்கு என்று எழுதப்படும் கருத்துகளில் பாதி, படத்தின் ஒப்பனையையும் ஒலியையும் பற்றிப் பேசுவது இதனால்தான். படம் பார்த்தவர் நாவலைப் படிக்கும்போது, படத்தில் இல்லாதவற்றைத் தனியாகக் குறித்துவர வேண்டும். வேலைக்காரர் கார்லின் மகள் படத்தில் வரவே இல்லை. துப்பறியும் அதிகாரி கிண்டர்மேனுக்கு நாவலில் இருக்கும் இடத்தில் ஒரு பங்குதான் படத்தில் கிடைத்தது. ‘படத்தில் நன்றாக இருந்தது, புத்தகத்தில் இழுக்கிறது’ என்று எழுதும் முன், எது இழுக்கிறது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று பாருங்கள். கார்ல் எதையோ மறைக்கிறார் என்பதுதான் வாசகரின் சந்தேகத்தை வெகுநேரம் மனிதர்கள் பக்கமே நிறுத்தி வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் துப்பறியும் கதை பாதியாகிவிடும்.

படிக்கும்போதே இரண்டு பத்திக் குறிப்பு

ஒரு நோட்டில் பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் நடந்த விநோதம். வலப்பக்கம், அதற்கு நாவலே கொடுக்கும் சாதாரண விளக்கம். உங்கள் விளக்கத்தை எழுத வேண்டாம். பாத்திரங்கள் வாயால் வருவதை மட்டும் எழுதுங்கள். மாடியில் சத்தம் கேட்டால் வலப்பக்கம் ‘எலி’ என்று வரும். ரீகனின் நடத்தை மாறினால் ‘நரம்புக் கோளாறு’, ‘பெற்றோர் பிரிவு’, ‘குற்றவுணர்ச்சி’ என்று மருத்துவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். ஆவிகளோடு பேச உதவும் என்று சொல்லப்படும் வீஜா என்ற எழுத்துப் பலகையில் அவள் பேசும் கண்ணுக்குத் தெரியாத நண்பன் கேப்டன் ஹௌடி. பிரிந்துபோன அப்பாவின் பெயர் ஹோவர்ட். இதை ஒரே வரியில் எதிரெதிராக எழுதினால் நாவல் செய்யும் வேலை கண்ணில் படும். பிசாசு வழிபாடு பற்றிய ஒரு புத்தகம் அந்த வீட்டுக்குள் எப்படி வந்தது, யார் கையில் போனது என்பதையும் விடாமல் குறியுங்கள். சிறுமி அதைப் படித்திருந்தால், அவள் செய்வதில் பாதி படித்ததைப் பார்த்துச் செய்ததாக இருக்கலாம் அல்லவா?

முதல் பாகத்தில் சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு பிச்சைக்காரர் பாதிரியார் கராஸிடம் ஒரு வாக்கியம் சொல்வார். அதை அப்படியே எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

கராஸ் அந்த வீட்டுக்குள் வந்த பிறகு குறிப்பின் முறையை மாற்ற வேண்டும். அவர் இயேசு சபைக் குரு, கூடவே மனநல மருத்துவர். பேயோட்டும் சடங்குக்கு அனுமதி வாங்க வேண்டுமானால் அவரிடம் ஆதாரம் இருக்க வேண்டும். 1614ஆம் ஆண்டின் ரோமைச் சடங்கு நூல் சொல்லும் அடையாளங்களில் முக்கியமானவை மூன்று: தெரியாத மொழியைப் பேசுவது அல்லது புரிந்துகொள்வது, மறைவான செய்திகளை அறிந்திருப்பது, வயதுக்கும் உடலுக்கும் மீறிய பலம். நோட்டில் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றையும் நாவல் முதலில் கையில் கொடுக்கும், பிறகு பிடுங்கிக்கொள்ளும். புரியாத மொழி என்று ஒலிப்பதிவு செய்தது, தலைகீழாகப் பேசிய ஆங்கிலம் என்று தெரியவரும். மறைவான செய்திக்கு, எதிரில் இருப்பவர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் என்று கராஸே ஒரு விளக்கம் வைத்திருப்பார். பலத்துக்கு வெறிநிலை. தீர்த்தம் என்று சொல்லி அவர் குழாய்த் தண்ணீரைத் தெளிக்கும் காட்சியில், ரீகன் வலியில் துடிப்பது பிசாசுக்கு ஆதாரமாகாமல் அதற்கு எதிரான ஆதாரமாகிவிடும். நாவலின் மிகக் கூர்மையான இடம் அதுதான். கருத்து எழுதுகிறவர் ஒரே ஒரு காட்சியை விரித்து எழுதுவதானால் அதை எடுக்கலாம். பயந்துபோய் நம்பத் தயாராக இருக்கும் நம்மை, நம்ப விரும்பும் கராஸே தடுத்து நிறுத்துகிறார்.

இந்தக் குறிப்பு இல்லாமல் எழுதினால் என்ன ஆகும்? “ஆரம்பத்தில் டாக்டர், டெஸ்ட் என்று போரடிக்கிறது, கடைசியில்தான் கதை சூடு பிடிக்கிறது” என்று எழுதுவீர்கள். மருத்துவப் பகுதி நீளமாக இருப்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு சோதனையும் ஒரு கதவை மூடுகிறது. எல்லாக் கதவும் மூடிய பிறகுதான் நாத்திகரான ஒரு தாய் பாதிரியாரைத் தேடிப் போகிறாள். அந்த நீளம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் அதைத் தாராளமாக எழுதலாம். அது ஏன் வைக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

பேய், பிசாசு, சூனியம்: சொல்லில் சறுக்காதீர்கள்

தமிழில் இதைப் ‘பேய்க்கதை’ என்று எழுதியவுடன் படிப்பவர் மனத்தில் செத்துப்போன யாரோ ஒருவரின் ஆவி வந்து நிற்கும். விவிலியத் தமிழில் ‘பேய் பிடித்தவர்’ என்ற வழக்கு உண்டுதான். ஆனால் நம் ஊர்வழக்கில் பேய் என்றால் அகால மரணம் அடைந்தவர். கிறிஸ்தவ மரபில் பிசாசு ஒருபோதும் மனிதனாக இருந்ததில்லை. பழைய மொழிபெயர்ப்பில் ‘பிசாசு’, கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் ‘அலகை’ என்று வருவதெல்லாம் இதைத்தான். இந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லிவிட்டால், இறந்துபோன ஒருவரின் குரலில் ரீகன் பேசும் காட்சி ஏன் அவ்வளவு குழப்பம் தருகிறது என்பதையும் விளக்கிவிடலாம்.

‘சூனியம் வைக்கப்பட்ட சிறுமி’ என்பதும் தவறு. பில்லி, ஏவல், சூனியம் எல்லாவற்றிலும் ஒருவர் இன்னொருவர் மீது ஏவுகிறார். பகை இருக்கிறது, செய்தவர் இருக்கிறார். இங்கே ரீகன்மேல் யாரும் எதையும் ஏவவில்லை. மாந்திரீகம் நாவலில் வேறு பாதையில் வருகிறது. ஒரு தேவாலயத்தில் புனிதப் பொருள்கள் இழிவுபடுத்தப்படுகின்றன. திருப்பலியைத் தலைகீழாக்கிக் கேலிசெய்யும் கறுப்புத் திருப்பலி பற்றிய பேச்சு எழுகிறது. கிண்டர்மேன் அதைக் குற்றவாளியைத் தேடும் தடயமாகப் பார்க்கிறார். மாந்திரீகம் போலீஸ் பக்கத்திலும், பிசாசு படுக்கையறையிலும் இருக்க, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் வாசகருக்கு இருக்கும் புதிர். இதைக் கலந்து எழுதினால் புதிர் போய்விடும்.

பசூசு பற்றியும் ஒரு எச்சரிக்கை. வட ஈராக்கில் நடக்கும் முன்னுரைப் பகுதியில் அந்தச் சிலை வருகிறது. மெசபடோமியரின் காற்றுப் பிசாசு அது. ஆனால் அவர்கள் அதன் தலையைத் தாயத்தாகவும் கட்டிக்கொண்டார்கள், கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தாக்கும் லமஷ்டு என்ற பெண் பிசாசை விரட்டுவதற்காக. தீமையைத் தீமையால் விரட்டுவது என்ற பேச்சு அந்த முன்னுரையிலேயே வருகிறது. ரீகனுக்குள் இருப்பது தன்னைப் பிசாசு என்று சொல்லிக்கொள்கிறது. பொய் சொல்வதே அதன் தொழில் என்னும்போது அந்தப் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது? ‘சிறுமிக்குள் பசூசு புகுந்தது’ என்று ஒரே அடியாக எழுதாமல், முன்னுரை அதைச் சுட்டுகிறது என்று எழுதுவது சரி. முன்னுரை சில பக்கங்கள்தான். நாவலை முடித்த கையோடு அதை இன்னொரு முறை படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

‘உண்மைச் சம்பவம்’ என்று எழுதலாமா

அப்படியே எழுதக் கூடாது. 1949இல் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த சிறுவன் ஒருவனுக்குப் பேயோட்டும் சடங்கு நடந்தது. அதன் பெரும்பகுதி செயின்ட் லூயிஸ் நகரில். அந்த ஆண்டு ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் அதைச் செய்தியாக்கியது. அப்போது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவராக இருந்த பிளாட்டிக்கு அது மனத்தில் தங்கிவிட்டது. நாவலிலோ பாதிக்கப்படுவது 12 வயதுச் சிறுமி, தாய் ஒரு நடிகை, இடம் ஜார்ஜ்டவுன். ‘1949இல் வந்த ஒரு செய்தியின் தூண்டுதலில் எழுதிய கற்பனை’ என்றால் போதும். அந்தச் சிறுவன் யார் என்று தோண்டுவது நாவலைப் பற்றிய கருத்துக்குத் தேவையே இல்லை.

எழுதும்போது

500 முதல் 600 சொற்கள் போதும். கதைச் சுருக்கம் 100 சொற்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது கருத்தாக இருக்காது, கதை சொல்வதாகிவிடும். சுருக்கத்தை முதல் பத்தியில் வைக்காதீர்கள். முதல் பத்தியில் உங்கள் தீர்ப்பு, அடுத்ததில் சுருக்கம், மூன்றாவதில் தீர்ப்புக்கு ஆதாரமாக ஒரு காட்சி.

எதுவரை சொல்லலாம்? முதல் பாகத்தில் நடப்பதைத் தயங்காமல் சொல்லலாம். கராஸ் வீட்டுக்குள் வந்த பிறகு நடப்பதை எச்சரிக்கை போட்டுவிட்டுச் சொல்லலாம். முதிய குரு மெர்ரின் வந்து சேர்ந்த பிறகு நடக்கும் எதையும் சொல்ல வேண்டாம். ‘முடிவு எதிர்பாராதது’ என்ற வரியும் வேண்டாம்; அதைப் படித்தவர் கடைசி 50 பக்கங்களையும் திருப்பத்துக்காகக் காத்துக்கொண்டே படிப்பார்.

பொத்தாம்பொதுவான வாக்கியம் வந்தால் அதை இடம் காட்டும் வாக்கியமாக மாற்றுங்கள். ‘கதை மெதுவாகப் போகிறது’ என்பதற்குப் பதிலாக: ‘கிண்டர்மேன் கிறிஸின் வீட்டில் காபி குடித்துக்கொண்டு வளவளவென்று பேசும்போது வேகம் விழுகிறது. ஆனால் அவர் சுற்றிச்சுற்றி வருவது ரீகனின் ஜன்னலுக்குத்தான் என்று புரிந்ததும், கிறிஸோடு சேர்ந்து நமக்கும் வயிறு கலங்குகிறது.’ பிளாட்டி அதற்கு முன் நகைச்சுவைப் படங்களுக்கு எழுதியவர் என்பதையும் இங்கே சேர்க்கலாம். கிண்டர்மேனின் அசட்டுப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

குறை சொல்லத் தயங்காதீர்கள். உவமைகள் பல இடங்களில் அளவு மீறுகின்றன, குறிப்பாக அத்தியாயத் தொடக்கங்களில். கராஸ் ஆராய்ச்சி நூல்களைப் புரட்டும் பகுதிகளில் கதை நின்று பாடம் நடக்கிறது. பாராட்டும்போது கராஸின் தாயை மறந்துவிடாதீர்கள். நியூயார்க்கில் வறுமையில் தனியாக விட்டுவந்த அந்த அம்மாவைப் பற்றிய குற்றவுணர்ச்சிதான் பிசாசு பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. தாயைச் சொல்லாமல் வாந்தியையும் கட்டிலையும் மட்டும் சொல்லும் கருத்து, நாவலின் நெஞ்சுப் பகுதியை விட்டுவிட்ட கருத்து.

உள்ளடக்க எச்சரிக்கை ஒரு வரி கட்டாயம் வேண்டும்: சிறுமியின் உடல்மீது நடக்கும் வன்முறை, பாலியல் ஆபாசப் பேச்சு, மதச் சின்னங்களை இழிவுபடுத்தும் காட்சிகள். ‘பயங்கரமான காட்சிகள் உண்டு’ என்று மட்டும் எழுதினால், வீட்டில் சிறு பெண் பிள்ளை உள்ள வாசகருக்கோ பக்தியுள்ள வாசகருக்கோ தான் எதற்குள் போகிறோம் என்று தெரியாது. ‘பிசாசு உண்டா இல்லையா’ என்ற வாதத்தையும் கருத்துக்குள் இழுக்காதீர்கள். நம்பிக்கை இல்லாதவரும் இந்த நாவலில் உறைந்துபோகலாம். நம்புகிறவரும் பாதியில் மூடி வைக்கலாம்.

நட்சத்திரம் கொடுப்பதானால் எதற்கு என்று பிரித்துக் கொடுங்கள். பயத்துக்கு ஒன்று, பாத்திரங்களுக்கு ஒன்று, மொழிநடைக்கு ஒன்று. மொழிநடைக்கு 3, பாத்திரங்களுக்கு 5 என்று போட்டால், வெறும் 4 சொல்லாததை அது சொல்லிவிடும்.

எழுதி முடித்து ஒரு நாள் விட்டு மறுபடி படியுங்கள். இரவில் படித்த சூட்டில் எழுதியதில் ஆச்சரியக்குறிகள் அதிகம் இருக்கும், நீக்கிவிடுங்கள். பெயர்களை ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்: ஒரு இடத்தில் கராஸ், இன்னொரு இடத்தில் காரஸ் என்று வரக் கூடாது. எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். நாற்பதாம் ஆண்டு நிறைவுக்காக 2011இல் வந்த பதிப்பில் பிளாட்டியே திருத்தங்கள் செய்திருக்கிறார். பழைய பதிப்பு வைத்திருப்பவர் நீங்கள் சொல்லும் இடத்தைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். அதனால் பக்க எண்ணை விடப் பாகத்தின் பெயரைச் சொல்வது பயன்படும். நான்காம் பாகத்தின் தலைப்பு 102ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் வருவது. அதை நீங்களாக மொழிபெயர்க்க வேண்டாம். தமிழ் வேதாகமத்தில் உள்ளபடி ‘என் கூப்பிடுதல் உம்மிடத்தில் சேர்வதாக’ என்றே எழுதுங்கள்.