சென்னை ஜார்ஜ் டவுனை நடந்தே பார்ப்பது எப்படி? சிங்கப்பூரிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

சென்னைக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தி.நகரோடு திரும்பிவிடுகிறார்கள். பாரிமுனைப் பக்கம் போனாலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறிவிடுகிறார்கள். சென்னை என்ற நகரம் வளர்ந்த இடமே அந்தத் தெருக்கள்தான். 1911இல் ஐந்தாம் ஜார்ஜின் பெயரை வைக்கும்வரை வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்று அழைத்தார்கள். நம்மவர்களுக்கு அது முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும்.

இரண்டு அரை நாள் ஒதுக்குங்கள். கட்டடங்களுக்கும் கோயில்களுக்கும் ஒரு ஞாயிறு காலை. கடைகளுக்கும் சாப்பாட்டுக்கும் வேலைநாள் ஒன்றின் மாலை. இரண்டையும் ஒரே நாளில் அடக்கப் பார்த்தால் நண்பகல் வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள். கோயில்களும் அந்த நேரத்தில் நடை சாத்தியிருக்கும்.

படி 1: நேரம்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. அந்தத் தெருக்களில் தண்ணீர் நின்றால் கல் எது, குழி எது என்று தெரியாது.

இரண்டரை மணி நேர வித்தியாசம் நமக்குச் சாதகம். அங்கே விடிகாலை ஐந்தரை என்றால் நம் உடம்புக்கு எட்டு மணி. போய் இறங்கிய மறுநாளே இந்த நடையை வைத்துக்கொண்டால் அலாரம்கூட வேண்டாம்.

படி 2: போய்ச் சேர்வது, கையில் வைத்திருப்பது

விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ நீல வழித்தடம் நேராக வருகிறது. சென்ட்ரலுக்கு அடுத்த நிலையம் உயர் நீதிமன்றம், அதற்கடுத்தது மண்ணடி. உயர் நீதிமன்றத்தில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் வெளியேறுங்கள். கவுண்ட்டரில் ரொக்கம் கொடுத்தால் கியூஆர் அச்சிட்ட காகிதச் சீட்டு தருவார்கள். கழிப்பறைக்கும் மெட்ரோ நிலையத்தையே நம்புங்கள். தெருவுக்குள் போனபிறகு தேடுவது சிரமம்.

காலணி விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகச் சொல்கிறேன்: வார் வைத்த தோல் செருப்பு அல்லது சான்டல்தான் சரி. கயிறு கட்டும் ஷூ போட்டால் கோயிலுக்குக் கோயில் குனிந்து நிமிர்ந்தே அரை மணி போய்விடும். ரப்பர் செருப்பு ஈரமான பூக்கடைத் தரையில் வழுக்கும்.

பணம் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக இருக்கட்டும். தள்ளுவண்டியில்கூட கியூஆர் அட்டை தொங்கும், ஆனால் அது யூபிஐ, அதாவது இந்திய வங்கிக் கணக்குகளுக்கான பணப்பரிமாற்ற முறை. நம் பேநவ்வுக்கும் யூபிஐக்கும் 2023இல் வந்த இணைப்பு ஆளுக்கு ஆள் பணம் அனுப்பத்தான். கடைக்காரரின் கியூஆரை நம் வங்கிச் செயலியில் ஸ்கேன் செய்தால் எதுவும் நடக்காது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் காலை ஆறு மணிக்குச் சில்லறை கிடைக்காது.

படி 3: முகவரியைப் படிக்கத் தெரிந்துகொள்வது

முதல்முறை போகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே.

சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் அந்த புளோக்கின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திவிடும். ஒரு கட்டடத்துக்கு ஓர் எண். சென்னையிலும் ஆறு இலக்கம்தான், ஆனால் 600001 என்பது ஒரு வட்டாரம் முழுவதற்கும் பொது. அதைத் தட்டினால் வரைபடம் எங்கோ ஒரு நடுத்தெருவில் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளிக்கும் நீங்கள் தேடும் வீட்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

அடுத்து கதவு எண். மாநகராட்சி எண்களை மாற்றியபோது பழையதும் போகவில்லை, புதியதும் முழுதாக வரவில்லை. பலகையில் "ப.எண்", "பு.எண்" என்று இரண்டும் இருக்கும். காகிதத்தில் 27/12 என்று எழுதுவார்கள். எது பழையது என்று சொல்ல மாட்டார்கள். ஒருவர் புதியதை முதலில் எழுதுவார், இன்னொருவர் பழையதை. நம் வழக்கப்படி அதை மாடி, வீட்டு எண் என்று படித்து மாடிப்படி தேடாதீர்கள்.

மூன்றாவது தெருப்பெயர். ஒரே தெருவுக்குப் பலகையில் ஒரு பெயர், ஆட்டோக்காரர் வாயில் ஒரு பெயர். பிரகாசம் சாலை என்றால் பலருக்குப் புரியாது, பிராட்வே என்றால் உடனே புரியும். வ.உ.சி. சாலைதான் வால்டாக்ஸ் ரோடு. நகரைச் சுற்றி மதில் கட்டிய செலவுக்கு வரி போட நினைத்து, கடைசிவரை வசூலிக்காமலே விட்ட வரியின் பெயர் அது. ராஜாஜி சாலை பழைய கடற்கரைச் சாலை. என்.எஸ்.சி. போஸ் சாலையின் ஒரு பகுதி சைனா பஜார். ஆர்மீனியன் தெருவுக்குத் தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். அரண்மனை எதுவும் அங்கே இருந்ததில்லை. ஆர்மீனியன் என்ற சொல் நம் நாக்கில் அப்படித் திரும்பிவிட்டது.

அதனால் எண்ணை வைத்துத் தேடாதீர்கள். தெரு, அதை வெட்டும் குறுக்குத்தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ வங்கியோ என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "தம்பு செட்டி தெரு, காளிகாம்பாள் கோயிலுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டால் கடைப்பையன்கூடக் கைகாட்டுவான். "நம்பர் 112 எங்கே?" என்று கேட்டால் பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியாது.

இன்னொரு வழி சரக்கை வைத்துத் தேடுவது. காகிதமும் பத்திரிகையும் ஆண்டர்சன் தெரு. மொத்தத் துணி கோடவுன் தெரு. கண்ணாடி தேவராஜ முதலி தெரு. நாட்டு மருந்து ராசப்ப செட்டி தெரு. ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் கடைகளில் என்ன தொங்குகிறது என்று பார்த்தால் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். (கோடவுன் என்ற சொல்லுக்கும் நம் மார்க்கெட் ஸ்ட்ரீட் செட்டியார்களின் கிட்டங்கிக்கும் வேர் ஒன்றே என்பார்கள். தமிழ்க் கிடங்கு மலாயில் குடாங் ஆகி, ஆங்கிலம் வழியாகச் சென்னைக்கே திரும்பி வந்திருக்கிறது.)

படி 4: ஞாயிறு காலை நடை

மேற்கிலிருந்து கிழக்கே வாருங்கள். ஆறு மணிக்குப் பூக்கடை, அதாவது பத்ரியன் தெரு. மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் இங்கே பூ ஓயவில்லை. தேக்காவில் நாம் பார்ப்பது கட்டிய சரம். இங்கே உதிரியாகக் குவித்து எடை போடுவார்கள். சாமந்திக் குவியலுக்கும் சம்பங்கிக் கூடைக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற இடம்தான் இருக்கும், கீழே ஈரச்சாக்கு. நிற்பதானால் கடைப்படியில் ஒதுங்கி நில்லுங்கள். பின்னாலிருந்து "வழி, வழி" என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்காமல் உடனே ஓரம் போங்கள். தலையில் மூட்டையோடு வருகிறவரால் சட்டென்று நிற்க முடியாது, பாரம் அவரைத் தள்ளிக்கொண்டு வரும். நம் ஐந்தடி நடைபாதை மாதிரி ஒதுங்க இடம் எங்கும் கிடையாது.

பக்கத்திலேயே சென்னகேசவப் பெருமாளும் சென்ன மல்லீஸ்வரரும். இரண்டையும் சேர்த்துப் பட்டணம் கோயில் என்பார்கள். பழைய கோயில் இன்றைய உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்து, 1749இல்தான் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. கோட்டைக்குப் பக்கத்தில் வீடும் கோயிலும் இருந்தால் எதிரிக்கு மறைவிடமாகும் என்று ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளினார்கள். அந்த இடிப்பில் கோயிலும் போனது. பிறகு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியில் இங்கே எழுந்தது. இதைத் தெரிந்துகொண்டு என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு வந்து நின்றால் ஒன்று விளங்கும்: சாலைக்கு வடக்கே இத்தனை நெருக்கடி, தெற்கே நீதிமன்ற வளாகம் மட்டும் ஏன் இவ்வளவு விரிந்து கிடக்கிறது என்று.

சாலையில் கிழக்கே வரும்போது பச்சையப்பன் மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். ஏதென்ஸ் கோயில் ஒன்றின் சாயலில் எழுப்பிய பெரிய தூண்கள். கீழே கடைகள் மறைப்பதால் அதன் அடியிலேயே நடந்து போகிறவர்களுக்குத் தெரிவதில்லை. எதிர்ப்புறம் நின்று அண்ணாந்து பாருங்கள்.

ஒன்பது மணிவாக்கில் ஆர்மீனியன் தெரு. கச்சாலீஸ்வரர் கோயிலும் இதே தெருவில்தான். ஆர்மீனியர் தேவாலயத்தின் மரக்கதவுக்குள் கால் வைத்ததும் தெருவின் இரைச்சல் அடங்கிவிடும். இப்போதுள்ள கட்டடம் 1772ஐச் சேர்ந்தது. முற்றத்துத் தரையில் பதித்திருக்கும் கற்கள் கல்லறைகள். ஆர்மீனிய எழுத்து வெட்டியிருக்கும், பார்த்து நடங்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். மணிக்கோபுரம் தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும், அதில் ஆறு மணிகள். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அடிப்பது வழக்கம், அதனால்தான் இந்த நடையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தது. ஹில் ஸ்ட்ரீட்டில் நம் 1835 ஆர்மீனியர் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு இது அதன் அண்ணன் வீடு மாதிரி. நம் ஊரிலும் பக்கத்திலேயே ஓர் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் இருக்கிறதே.

செவ்வாய்க்கிழமை மட்டும் இந்தத் தெருவுக்கு வராதீர்கள். அந்தோணியார் கோயில் கூட்டத்தில் நடக்கவே முடியாது. வேண்டுதலுக்கு என்றால் அது வேறு.

அங்கிருந்து தம்பு செட்டி தெருவில் காளிகாம்பாள். 1677இல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கியதாகக் கோயிலிலேயே எழுதியிருக்கிறார்கள். சுதேசமித்திரனில் வேலை பார்த்த காலத்தில் பாரதியாரும் இங்கே வருவார் என்பார்கள்.

கடைசியாகப் பாரிமுனை. டேர் ஹவுஸ் கட்டடத்தோரம் ஒரு குட்டைக் கல்தூண் இருக்கும். இடித்து வெட்டவெளியாக்கிய நிலத்துக்கு எல்லை காட்ட 1773இல் நட்ட தூண்களில் மிஞ்சியது இது ஒன்றே. உயரமாக எதையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள், கட்டடத்தின் கால்மாட்டில் தேடுங்கள்.

படி 5: கோட்டை

பாரிமுனையிலிருந்து தெற்கே நடக்கும் தூரம்தான். தலைமைச் செயலகம் இருப்பதால் பையைச் சோதிப்பார்கள், கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். 1680இல் திறந்த புனித மரியாள் தேவாலயத்தையும் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கு 2021 முதல் இந்தியர் கட்டணமே, அதனால் அட்டையை ஹோட்டலில் வைத்துவிட்டு வராதீர்கள்.

உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்கு மதிலோரம் எம்டன் குண்டு விழுந்ததற்கு ஒரு கல்வெட்டு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னையைச் சுட்டது. கெட்டிக்காரனை "சரியான எம்டன்" என்று சொல்வது அதிலிருந்து வந்ததுதான். அந்தக் கப்பலைச் சேர்ந்த சிலர் பிடிபட்டு நம் தங்ளின் படைமுகாமில் அடைபட்டிருந்தார்கள். 1915 பிப்ரவரி சிப்பாய்க் கலகத்தின்போது அவர்களில் லாட்டர்பாக் என்ற அதிகாரி உட்படச் சிலர் தப்பி ஓடினார்கள். வளாகத்துக்குள் போக அனுமதி வேண்டும், படம் எடுக்கவும் விட மாட்டார்கள்.

படி 6: மாலை நடை

வேலைநாளில் நான்கரைக்கு ராசப்ப செட்டி தெரு. கந்தகோட்டத்தில் முருகனைப் பார்த்துவிட்டு, நாட்டு மருந்துக் கடைகளைத் தாண்டித் தங்கசாலைத் தெருவுக்குப் போங்கள். நாணயச்சாலை இருந்ததால் வந்த பெயர். சௌகார்பேட்டையின் வடநாட்டுப் பலகாரமெல்லாம் இந்தத் தெருவில்தான். காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபியைச் சுடச்சுட நின்றுகொண்டே சாப்பிடுங்கள். பொட்டலம் கட்டினால் பத்து நிமிடத்தில் நமநமத்துவிடும். நெய் சொட்டும் ஊத்தப்பத்துக்கு என்.எஸ்.சி. போஸ் சாலை சீனா பாய் கடை.

வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு பர்மா பஜார் பக்கம் வாருங்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ அங்கே கிடைக்கும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்பு. காரம் வேண்டாம் என்றால் பிசையத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், மிளகாய்த்தூள் முதலிலேயே விழுந்துவிடும்.

பிறகு சேர்த்தது: தாத்தாவின் பழைய முகவரி

ரஜூலா கப்பலில் வந்த தாத்தாவின் கடிதத்தில் "மெட்ராஸ்-1" என்று ஒரு முகவரி இருக்கிறது, கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். 1972இல் ஆறு இலக்கக் குறியீடு வந்தபோது மெட்ராஸ்-1தான் 600001 ஆனது. கடிதத்தில் உள்ள கதவு எண்ணைப் பழைய எண்ணாகவே எடுத்துக்கொண்டு, பலகைகளில் "ப.எண்" வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டே நடங்கள். வரிசை ஓரிடத்தில் அறுந்தால் இரண்டு கட்டடம் சேர்ந்து ஒன்றாகியிருக்கும், முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்து இடத்தைக் கணக்கிடலாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்கதவு மூடியிருக்கும்போது போனால் பலகைகள் மறையாமல் தெரியும். ஆனால் விசாரிக்க ஆள் வேண்டும் என்றால் வேலைநாளில், பதினொரு மணிக்குமேல், அந்தத் தெருவிலேயே வயதான கடைக்காரராகப் பார்த்துக் கேளுங்கள். கடிதத்தின் நகலையும் கையில் வைத்திருங்கள். எண்ணைப் பார்த்துத் தெரியாது என்பவர்கூட, கடிதத்தில் உள்ள கடைப்பெயரைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லக்கூடும்.