மலையகப் பாதைக்கு ஒரு சொகுசுக் கார்: கையிலுள்ள பணத்துக்குள் தெரிவுசெய்வது எப்படி?

மலையகத்தில் குடியிருந்துகொண்டு, வரையறுத்த ஒரு தொகைக்குள் நான்கு கதவுச் சொகுசுக் கார் ஒன்றைத் தேடுபவர், கொழும்பில் இருப்பவருக்குத் தேவைப்படாத சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கார் கினிகத்தேனை ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லொறிக்குப் பின்னால் முதலாம், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து செல்லும். றம்பொடையிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் நாட்கணக்கில் வெயில் காணாமல் ஈரத்தில் நிற்கும். இவ்வளவையும் தாங்கிய பிறகு ஒரு நாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அதற்குப் பொருள் சொல்லத் தெரிந்த மெக்கானிக் பாஸ் உங்கள் வீட்டிலிருந்து எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறார் என்பதுதான் உங்கள் காரின் உண்மையான விலையைத் தீர்மானிக்கும்.

ஆகவே காரைத் தேடுவதற்கு முன் பாஸைத் தேடுங்கள். ஐரோப்பியக் கார்களைத் திருத்தும் கராஜ்கள் பெரும்பாலும் கண்டியிலும் கொழும்பிலுமே இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை நேரில் போய், எந்த மாடல்களுக்கான கணினிப் பரிசோதனைக் கருவி அவர்களிடம் இருக்கிறது, எவற்றின் உதிரிப்பாகங்கள் இரண்டாம் கையாகவேனும் ஒரு வாரத்துக்குள் கிடைக்கின்றன என்று விசாரியுங்கள். வாய்ச்சொல்லை விட முற்றத்தைப் பார்ப்பது பயனுள்ளது: எண்ணெய் மாற்றிக்கொண்டு அன்றே திரும்பும் கார்கள் எவை, எஞ்சின் கழற்றிய நிலையில் தூசு படிந்து நிற்பவை எவை என்பதை ஒரு மணி நேரத்தில் கண்டுகொள்ளலாம். அந்தப் பட்டியலோடு விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

தொகையைப் பிரிக்கும் முறை

உங்களிடம் 1 கோடியே 20 இலட்சம் ரூபா இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரின் விலையாக 1 கோடிக்கு மேல் போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை. எஞ்சிய 20 இலட்சத்தில் பெயர் மாற்றம், முழுக் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுக்குரியதை ஒதுக்கி, வாங்கிய முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய எண்ணெய், பிரேக், ரயர் வேலைகளுக்கு ஒரு பங்கை வைத்துவிட்டு, மிச்சத்தை எதிர்பாராத ஒரு பெரிய பழுதுக்காக வங்கியில் தொடாமல் வைத்திருங்கள். தொகை இதைவிடக் கூடியதோ குறைந்ததோ, ஆறில் ஒரு பங்கு இவ்வாறு வெளியே நிற்க வேண்டும். லீசிங் எடுப்பவருக்கும் இதே கணக்குத்தான். வாகனப் பெறுமதியில் எவ்வளவு வீதம்வரை கடன் கொடுக்கலாம் என்பதை மத்திய வங்கி அவ்வப்போது மாற்றுகிறது என்பதால், முற்பணத்தைப் பற்றிய பழைய தகவலை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

நம் நாட்டின் கார் விலைகளைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதிய கார்கள் வராததால் பழையவற்றின் விலை ஏறிக்கொண்டே போனது. கார் என்பது காணியைப் போல விலை கூடும் சொத்து என்ற எண்ணம் பலருக்குப் பழகிவிட்டது. அந்த எண்ணத்தோடு இன்று சொகுசுக் கார் வாங்கக்கூடாது. ஐந்து ஆண்டுகள் வைத்திருந்து விற்கும்போது போட்ட பணத்தில் கணிசமான பகுதி திரும்பாது என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அது உங்களால் தாங்கக்கூடியதா என்று பார்த்துவிட்டே இறங்குங்கள்.

பழைய பெரிய காரா, இளைய சிறிய காரா?

ஒரே விலைக்கு இரண்டும் கிடைக்கும். ஒருபுறம் 2012ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் ஈ கிளாஸ் அல்லது பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ். மறுபுறம் அவற்றைவிடச் சில ஆண்டுகள் இளைய சீ கிளாஸ், 3 சீரிஸ், அவுடி ஏ3 செடான் போன்றவை. மலையகத்தில் ஓடப்போகும் காரானால் தயங்காமல் இளையதையே தெரிவுசெய்யச் சொல்வேன். எஃப்10 வகை (ஒரு மாடலின் ஒவ்வொரு தலைமுறைக்கும் நிறுவனம் இடும் குறியீடு இது) 5 சீரிஸின் முன், பின் சில்லுகளுக்கு இடையிலான தூரம் 2968 மில்லிமீற்றர். எஃப்30 வகை 3 சீரிஸில் அது 2810 மட்டுமே. காகிதத்தில் இது சிறிய வித்தியாசமாகத் தெரியலாம். தோட்டத்துப் பாதையில் கொண்டை ஊசி வளைவைத் திரும்பும்போதும், மேடான ஒரு முகட்டைக் கடக்கும்போது அடிப்பாகம் உரசும்போதும்தான் அதன் பொருள் விளங்கும்.

பெரிய வகுப்புக் கார்களில் காற்றுப் பைகளால் தாங்கப்படும் சஸ்பென்ஷன் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். என் மைத்துனர் ஒருவர் அப்படிப்பட்ட ஒரு பழைய காரை மிக மலிவாக வாங்கினார். ஒரு மார்கழிக் காலையில் அதன் முன்பகுதி தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. பாகம் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை மூன்று வாரங்கள் கார் ஷெட்டிலேயே கிடந்தது; மிச்சம் பிடித்த பணமெல்லாம் அதற்கே போயிற்று. சாதாரண இரும்புச் சுருள் உள்ள காரை எந்த ஊர் பாஸும் ஒரு நாளில் நிமிர்த்திவிடுவார்.

ஏற்றமும் எஞ்சினும்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவு குறைகிறது. கொழும்பில் போதுமானதாகத் தோன்றிய டர்போ இல்லாத எஞ்சின், ஐந்து பேரோடும் பயணப் பெட்டிகளோடும் நானுஓயாவிலிருந்து ஏறும்போது மூச்சு வாங்குவது இதனால்தான். டர்போ பொருத்திய எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் இந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துகொள்கிறது. நம் நாட்டில் வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுவதால் சிறிய டர்போ எஞ்சின் கொண்ட சொகுசுக் கார்களே சந்தையில் அதிகம் என்பது மலையகத்தாருக்கு நல்வாய்ப்பு. 1.5 லீற்றர், மூன்று சிலிண்டர் கொண்ட பி.எம்.டபிள்யூ 318ஐ, 1.6 லீற்றர் கொண்ட டபிள்யூ205 வகை மெர்சிடிஸ் சீ180 ஆகியவை இந்த மலைகளுக்குத் தாராளமாகப் போதும்.

இத்தகைய டர்போ எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் ஒக்டேன் 95 பெற்றோலே பரிந்துரைக்கப்படுகிறது. எரிபொருள் மூடியின் உட்புறத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சிறிய நகரங்களின் நிரப்பு நிலையங்களில் 92 மட்டுமே இருக்கும் நாட்கள் உண்டு. நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் 95 எங்கே கிடைக்கிறது என்பதை வாங்கும் முன்பே அறிந்துகொள்ளுங்கள்.

டீசல் கார்களை விரும்புவோர் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். 2007க்குப் பின் வந்த பி.எம்.டபிள்யூ என்47 டீசல் எஞ்சினின் டைமிங் செயின், அதாவது வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி, கியர்பெட்டிப் பக்கமாக, எஞ்சினின் பின்புறத்தில் இருக்கிறது. அது தேய்ந்து சத்தமிடத் தொடங்கினால் பெரும்பாலும் எஞ்சினையே இறக்கித்தான் மாற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பின் வந்த பி47 இந்த வகையில் மேம்பட்டது. இரண்டாவது, புகைக்கரியைச் சேர்த்து எரிக்கும் வடிகட்டி. அதற்கு அவ்வப்போது நீண்ட, சீரான ஓட்டம் தேவை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் நாளுக்கு நான்கைந்து கிலோமீற்றர் ஓடும் கார் டீசலாக இருக்கக்கூடாது.

கியர்பெட்டியைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். சில சிறிய அவுடி கார்களில் உள்ள ஏழு கியர், உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத கிளட்ச்) வகைப் பெட்டி, ஏற்றத்தில் நெரிசலுக்கிடையே ஊரும்போது சூடாகி விரைவில் தேயும். திரவத்தின் வழியே வலுவைக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டர் வகைத் தானியங்கிப் பெட்டி, உதாரணமாக 3 சீரிஸில் உள்ள எட்டு கியர் பெட்டி, இந்தப் பாவனைக்கு மிகவும் ஏற்றது. அதன் எண்ணெய் வாழ்நாள் முழுதும் மாற்றத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மலைப் பாதைக்கு 60,000 முதல் 80,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே நல்லது.

ஹைபிரிட் கார்களில் லெக்சஸ் போன்றவை ஏற்றத்தில் நிதானமாகவும் இறக்கத்தில் மிகச் சிக்கனமாகவும் ஓடுகின்றன. இறங்கும்போது பிரேக் பிடித்தால் காரின் ஓட்ட வலுவே மின்னாக மாறி பற்றரிக்குப் போகிறது. ஆனால் நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் நீண்ட இறக்கத்தில் பற்றரி பாதி வழியிலேயே நிரம்பிவிடும். அதன்பின் மின்னாக மாற்றி வேகத்தைக் குறைக்கும் அந்தப் பிரேக் வலுவிழந்து, வேகத்தைக் கட்டுப்படுத்த எஞ்சினையும் வழமையான பிரேக்கையுமே நம்ப வேண்டும். கியர்த் தெரிவில் B என்ற நிலை (நிறுத்தி வைக்கும் P அல்ல) இருந்தால் அது இதற்காகவே உள்ளது. மின்சாரத்தில் செருகி ஏற்றும் வகைகளை, பற்றரியின் நிலையைக் கருவி கொண்டு அளந்து பார்க்காமல் வாங்கவே கூடாது.

ரயர், பிரேக், பனி

சில்லின் அளவு 16 அல்லது 17 அங்குலமாக இருக்கட்டும். 19 அங்குலச் சில்லும் மெல்லிய ரயரும் படத்தில் அழகாகத் தெரியும். மஸ்கெலியா பக்கத்துக் குழி ஒன்றில் விழுந்தால் சில்லே நெளிந்துவிடும். பல பி.எம்.டபிள்யூ கார்களில் மாற்று ரயர் இல்லை. காற்றுப் போனாலும் குறைந்த தூரம் ஓடக்கூடிய வகை ரயர்தான் இருக்கிறது. அது கடினமாக ஓடும், விலையும் கூட. ரயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லும்: 2322 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நான்கு சில்லுக்கும் வலு செல்லும் கார்களில் நான்கு ரயர்களும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று பழுதானால் நான்கையும் மாற்ற நேரிடலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் கலந்த திரவம் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், மிதிக்கும் கால் வெறுமையில் இறங்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிய பதிவு இல்லையென்றால், வாங்கிய அன்றே மாற்றுங்கள். பின்புறப் பனி விளக்கு, கண்ணாடியின் ஈரத்தை நீக்கும் ஏசி, சூடேறும் பக்கக் கண்ணாடிகள் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தோல் இருக்கைகளின் மடிப்புகளில் பூஞ்சணம் இருந்தால் கார் நீண்ட நாள் பூட்டிக் கிடந்திருக்கலாம்.

பார்வையிடும் நாள்

விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நான் வந்து பார்க்கும்வரை காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், ஐயா." விடியற்காலைக் குளிரில் முதல் முறையாகக் கிளப்பும்போது எஞ்சின் மறைக்க முடியாத உண்மைகளைச் சொல்லும். டபிள்யூ204 வகை சீ கிளாஸில் உள்ள எம்271 எஞ்சின் முதல் சில விநாடிகளுக்குக் கடகடவென்று ஒலித்தால் டைமிங் செயின் நீண்டிருக்க வாய்ப்புண்டு. 2008க்குப் பின் வந்த அவுடி ஏ4 வகையின் 2.0 லீற்றர் டர்போ பெற்றோல் எஞ்சின்களில் பல எண்ணெயைக் குடிப்பவை. ஒரு சேர்விஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை லீற்றர் ஊற்றினீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே குளிரூட்டித் தாங்கியின் மூடியையும் பாருங்கள். மலை உயரத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும்; அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் அந்தச் சிறு மூடி தளர்ந்திருந்தால் ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் பல. அவற்றில் சில துடைத்து மெருகிட்டு விற்பனைக்கு வரலாம் என்பதால் இந்தச் சோதனையை யாரிடமும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இருக்கைப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மூழ்கிய காரானால் பாதியில் நீர்க்கறை இருக்கலாம். டிக்கியின் அடியில் மாற்று ரயர் வைக்கும் பள்ளத்தில் வண்டல், இருக்கைத் தண்டவாளங்களில் துரு, ஏசியைப் போட்டதும் சேற்று மணம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது சமவெளிப் பாதையோடு நிறுத்திவிடாமல், நன்கு பழகிய ஓர் ஏற்றத்தில் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி மீண்டும் புறப்படும்போது கியர்பெட்டி அதிர்கிறதா, இறக்கத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறதா என்பதைக் கவனியுங்கள். இதற்காக நானுஓயாப் பக்கத்துச் செங்குத்தான ரதெல்ல குறுக்குப் பாதையைத் தெரிவுசெய்ய வேண்டாம். அறிமுகமில்லாத பிரேக்கைச் சோதிக்கும் இடம் அது இல்லை. பிறகு நீங்கள் முன்பே தெரிவுசெய்த கராஜில் கணினிப் பரிசோதனை செய்வியுங்கள். அழிக்கப்பட்ட பிழைக் குறியீடுகளையும், வெவ்வேறு பாகங்களில் பதிந்துள்ள ஓட்டத் தூரத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரோடு பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளராக லீசிங் நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், அது நீக்கப்படும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். சேஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் நேரில் பார்த்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். கையொப்பமிட்டு வெறுமையாக விட்ட பத்திரங்களோடு கார் பல கைமாறியிருந்தால், பதிவிலுள்ள உரிமையாளரே நேரில் வந்து ஒப்பமிட வேண்டும் என்று கேளுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றத்தை அந்த வாரமே செய்துகொண்டு, முழுக் காப்புறுதி உங்கள் பெயரில் தொடங்கிய பிறகு காரை மலைக்கு ஏற்றுங்கள்.