பட்ஜெட் பற்றாக்குறையின் நிஜ அளவு: எந்தப் பக்கத்தைப் பார்ப்பது?

மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை சதவீதத்தைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். பட்ஜெட் இணையதளத்தில் 'எக்ஸ்பெண்டிச்சர் புரொஃபைல்' தொகுப்பைத் திறந்து, ஸ்டேட்மென்ட் 27-ல், அதாவது பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கிய கடன்களின் பட்டியலில், அந்த ஆண்டுக்கான தொகையை எடுத்துப் பற்றாக்குறையோடு கூட்டி, ஜிடிபியால் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பால்) வகுங்கள். வேலூர், காட்பாடி பக்கம் குரூப் 1-க்குப் படிப்பவர்கள் இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்கலாம்.

அரசே வட்டியும் அசலும் கட்டப்போகும் கடனை வேறு நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் அது பற்றாக்குறையில் வராது. நேதாஜி மார்க்கெட் மண்டிக்காரர் மச்சான் பெயரில் வாங்கிய கடனைத் தன் பேரேட்டில் எழுதாமல் விடுவது போலத்தான். உணவு மானியத்துக்குப் பதிலாக இந்திய உணவுக் கழகத்துக்குச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து (தபால் நிலையச் சேமிப்பு போன்றவை சேரும் நிதி) கடன் கொடுத்தது இந்த வகை. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். 2020-21 உணவு மானியம் முதல் பட்ஜெட் மதிப்பீட்டில் இருந்த சுமார் 1.16 லட்சம் கோடி ரூபாயிலிருந்து திருத்திய மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடியானது. கொரோனா கால இலவச தானியமும் இதில் சேர்த்தி; முழுப் பழியையும் பழைய கடன் மேல் போட முடியாது.

பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் வருமானத்திலிருந்தே அடைக்கும் கடனைக் கூட்டாதீர்கள். பற்றாக்குறையை அடைக்கச் சிறுசேமிப்பிலிருந்து எடுத்ததையும் கூட்டினால் இரட்டைக் கணக்காகிவிடும். 2022-23 முதலான பட்ஜெட்டுகளுக்கு இந்தக் கூட்டலால் பெரிய வித்தியாசம் வராது. தமிழ்நாட்டு அரசின் பற்றாக்குறை தனி. அது இதில் சேராது.