பெரிய பகா எண்ணைத் தாளிலேயே சோதிப்பது எப்படி?

ஒரு நோட்டு, ஒரு பேனா, செல்போனில் இருக்கும் கால்குலேட்டர். இவ்வளவு போதும்.

படி 1: வகுத்துப் பார்ப்பது

மதுரையின் பின்கோடு 625001. இது பகா எண்ணா? இதன் வர்க்கமூலம் 790-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. எனவே 790 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். அதற்கு மேல் ஒரு காரணி இருந்தால் அதன் ஜோடி 790-க்குள் கட்டாயம் இருக்கும். 2, 3, 5, 7, 11 எதிலும் போகவில்லை. 13-இல் மீதியில்லாமல் போகிறது: 13 × 48077. ஆக, பகு எண்.

சீக்கிரம் மாட்டியது நம் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் 138 பகா எண்களால் வகுத்திருக்க வேண்டும். புதூர்க்காரர்கள் தங்கள் 625007-ஐ எடுத்துப் பார்க்கலாம். 100 வரை எதுவும் மாட்டாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

படி 2: தேடும் இடத்தைச் சுருக்குவது

எண் பெரிதாகப் பெரிதாக இப்படி வகுத்துக் கட்டாது. ஆனால் ஒரு தனி வகை எண்ணுக்குக் குறுக்குவழி உண்டு. 2-இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் மெர்சென் எண்தான் அது. உதாரணம்: 2⁷ − 1 = 127. அடுக்கு (இங்கே 7) பகா எண்ணாக இருந்தால்தான் இதுவும் பகா எண்ணாக வாய்ப்புண்டு. ஆனால் உத்தரவாதம் கிடையாது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

அந்த 23-ஐயும் 89-ஐயும் 22-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் மீதி 1. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், மெர்சென் எண்ணின் எல்லாக் காரணிகளும் இப்படித்தான்: அடுக்கின் இருமடங்கால் வகுத்தால் மீதி 1. மாட்டுத்தாவணியில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்காமல், ராமேஸ்வரம் பஸ் நிற்கும் இடத்துக்கு நேராகப் போகிற மாதிரி.

படி 3: காரணி தேடாமலே தீர்ப்பு

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் போடுங்கள். மேலே பார்த்த 127-ஐயே சோதிப்போம். 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து, 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதே வேலை. அடுக்கைவிட 2 குறைவான தடவை செய்ய வேண்டும், இங்கே 5.

4 → 14 → 67 → 42 → 111 → 0

கடைசித் தடவையைப் பாருங்கள்: 111 × 111 = 12321. 2 போனால் 12319. அது சரியாக 127 × 97. மீதி 0 வந்தால் பகா எண், வேறு எது வந்தாலும் பகு எண். 2047-க்கு 9 தடவை போட்டால் 1736-இல் நிற்கும். இதன் பெயர் லூக்காஸ்-லேமர் சோதனை.

காரணியே தெரியாமல் தீர்ப்புச் சொல்கிறது என்பதுதான் இதன் அழகு. 1644-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென், இந்த வகைப் பகா எண்களின் பட்டியலில் 2⁶⁷ − 1-ஐயும் பகா எண் என்று சேர்த்திருந்தார். அது இல்லை என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் காட்டினார். காரணிகள் கிடைத்ததோ 1903-இல், அமெரிக்கக் கணிதர் ஃபிராங்க் கோல் கையில்: 193707721 × 761838257287.

படி 4: நிஜமான பெரிய எண்

2024 அக்டோபரில் லூக் டியூரன்ட் கண்டுபிடித்தது 2-இன் 136279841-ஆம் அடுக்கு கழித்தல் 1. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். இதையும் உறுதிசெய்தது நீங்கள் இப்போது போட்ட அதே சோதனைதான். என்ன, 13,62,79,839 தடவை.

இதன் கடைசி இலக்கத்தை நீங்களே சொல்லலாம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று சுற்றிச் சுற்றி முடியும். அடுக்கின் கடைசி இரண்டு இலக்கம் 41. 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்போ 2-இல் முடியும். 1 போனால், 1.

அப்புறம் வீட்டுப்பாடம்: 8191, அதாவது 2¹³ − 1. 11 தடவை. கடைசியில் 0 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு மீதியில் கை தவறியிருக்கிறது.