இனக்குழுமங்களின் தோற்றம் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வன்னியை முன்வைத்து

போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்துக்குப் பின்னர், வட இலங்கையின் வன்னியில் ஊர் வரலாறு எழுதும் ஆர்வம் பெருகியிருக்கிறது. கோயில்களின் கும்பாபிஷேக மலர்களிலும், பாடசாலைகளின் ஆண்டு மலர்களிலும், பிரதேச செயலகங்கள் வெளியிடும் பண்பாட்டு மலர்களிலும் இத்தகைய கட்டுரைகளைக் காணலாம். காணி உறுதிகளும், பதிவேடுகளும், குடும்பப் படங்களும் போரில் அழிந்துபோன ஒரு நிலத்தில் இது தள்ளிப்போடக் கூடாத பணி. ஆயினும், இக்கட்டுரைகளுட் பல ‘இங்குள்ள மக்கள் எங்கிருந்து வந்தார்கள்?’ என்ற வினாவோடு தொடங்கி, அதற்கு ஒரு விடையைச் சொன்னதும் நின்றுவிடுகின்றன. வந்தவர்களும் ஏற்கெனவே இருந்தவர்களும் எவ்வாறு, எவ்வளவு காலத்தில், எந்தக் காரணங்களால் தம்மை ஒரே மக்களாகக் கருதத் தொடங்கினர் என்பதே இனக்குழும வரலாற்றின் மையமான வினா. அதைக் கேளாமல் விடுவதால் நேரும் பிழைகளையே இங்கு எடுத்துரைக்கிறேன்.

அவற்றுள் முதன்மையானது, ஒரே வருகையில் ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் உருவாகிவிட்டதாகக் கொள்வது. சோழ, பாண்டிய நாடுகளிலிருந்து வன்னியர் தலைவர்கள் பரிவாரங்களோடு வந்து, அடங்காப்பற்று எனப்பட்ட வன்னி நிலத்தை ஆண்டனர் என்ற மரபுக் கதையை எடுத்துக்கொண்டு, இன்றைய வன்னி மக்கள் அனைவரும் அவர்களின் வழித்தோன்றல்கள் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. இத்தகைய கதைகளைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலை 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சியில் எழுதப்பட்டது. அது பேசும் நிகழ்ச்சிகளோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. 1215இல் மாகனின் படையெடுப்பால் பொலனறுவை வீழ்ந்தபின், வட இலங்கையின் காடு சூழ்ந்த குளப் பிரதேசங்களில் வன்னிமைகள் எனப்படும் சிற்றரசுகள் எழுந்தன என்பதை வரலாற்றாசிரியர்கள் ஏற்கின்றனர். அதற்கு முன் அந்நிலம் வெறுமையாக இருந்ததாகக் கொள்ள இடமில்லை. இரணைமடுப் பகுதியின் சரளை மண் படைகள் கற்கருவிகளைத் தந்திருக்கின்றன. தெற்கே பொம்பரிப்பில் பெருங்கற்காலத் தாழி அடக்கங்கள் கிடைத்திருக்கின்றன. மேற்கே மாந்தை, கடல் வணிகத்தின் பழைய துறைமுகம். வேட்டையாடியோர், குளங்கட்டி நெல் விளைத்தோர், கரையோரத்தில் மீன்பிடித்தோர், படைவீரராக வந்து காணி பெற்றுத் தங்கியோர், கோயிற் பணிக்கு அழைத்துவரப்பட்டோர் என்று பலரும் பல காலங்களில் கலந்தே வன்னிக் குடிகள் உருவாயின.

வம்சக் கதையைப் பொய்யென்று தள்ளவேண்டும் என்பது என் கருத்தன்று. அக்கதை ஆளும் குடும்பமொன்று தன் உரிமையை நிலைநாட்டச் சொன்ன சான்று. அந்த அளவில் அது பெறுமதி மிக்கது. அதை ஊரார் எல்லோருக்கும் பொருத்தும்போதுதான் பிழை நேர்கிறது. இதை விளங்கிக்கொள்ள எளிய கணக்கொன்று போதும். ஒருவருக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர். இவ்வாறு பின்னோக்கிச் சென்றால் பத்தாவது தலைமுறையில் 1,024 முன்னோர் இடங்களும், இருபதாவது தலைமுறையில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்களும் வருகின்றன. உறவுத் திருமணங்களால் ஒரே ஆள் பல இடங்களில் மீண்டும் மீண்டும் வருவார் என்றாலும், ஒற்றை மூதாதையைக் கொண்டு ஓர் ஊரின் தோற்றத்தைச் சொல்ல முடியாது என்பது தெளிவு. மரபணுச் சோதனையால் இனத்தைக் கண்டறியலாம் என்ற நம்பிக்கையும் இங்கேதான் தடுமாறுகிறது. இலங்கைத் தமிழரும் சிங்களவரும் மரபணு அளவில் ஒருவருக்கொருவர் மிக நெருங்கியவர்கள் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த நெருக்கத்தால் இரு சமூகங்களும் இல்லாமற் போய்விடவில்லை.

பெயர் ஒன்றாக இருப்பதால் மக்களும் ஒன்று என்று முடிவு செய்வது அடுத்த தவறு. வன்னியில் ‘வன்னியன்’ என்பது பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை போன்ற பற்றுகளை ஆண்ட தலைவர்களின் பட்டம். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றி, அதே ஆண்டு கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்ட பண்டாரவன்னியனின் பெயரிலும் அப்பட்டமே நிற்கிறது. அனுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவியவின் சிங்களத் தலைமைக் குடும்பங்களும் வன்னிப் பட்டங்களைக் கொண்டிருந்தன. தமிழ்நாட்டிலோ, முன்பு வேறு பெயர்களால் அறியப்பட்ட பெருந்தொகையான வேளாண் மக்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வன்னியகுல சத்திரியர் என்ற பெயருக்காகப் போராடி, 1931 குடிசன மதிப்பீட்டில் அதை நிலைநாட்டினர். இம்மூன்றையும் ஒரே குருதி வழியாக இணைக்கும் கட்டுரைகளைப் பார்க்கும்போது, பட்டம் எது, சாதிப் பெயர் எது, இடப்பெயர் எது என்று எழுதியவர் ஒருமுறையேனும் பிரித்துப் பார்த்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

மொழி ஒன்றானால் இனமும் ஒன்று எனக் கொள்வது இதைவிடப் பெரிய காயங்களை உண்டாக்கிய தவறு. இலங்கை முஸ்லிம்கள் மொழியாலும் இனத்தாலும் தமிழரே என்று தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வாதிட்டார். அதை மறுத்து ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் எழுதினார். இந்த விவாதத்தின் பின்னணியில் சட்டசபைப் பிரதிநிதித்துவம் யாருக்கு என்ற கேள்வி இருந்தது. ஒரு குழுமத்தின் எல்லை எங்கே வரையப்படுகிறது என்பதை மொழியும் சமயமும் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த எல்லையால் எது கிடைக்கும், எது பறிபோகும் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இதற்கு மறுதலையாக, நீர்கொழும்பு, சிலாபம் கரையோரத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல, பாடசாலை மொழி சிங்களமாக மாறியதோடு சில தலைமுறைகளில் தம்மைச் சிங்களவராகவே கருதலாயின. அவர்கள் இடம்பெயரவுமில்லை, சமயம் மாறவுமில்லை.

நோர்வே நாட்டு மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த் 1969இல் முன்வைத்த கருத்து இவ்விடத்தில் உதவுகிறது. ஒரு குழுமத்துக்குள் அடங்கும் பண்பாட்டுக் கூறுகளை எண்ணுவதைவிட, அக்குழுமம் தன் எல்லையை எவ்வாறு பேணுகிறது என்று பார்ப்பதே பயன் தரும் என்றார் அவர். ஆட்கள் எல்லையைக் கடந்துகொண்டே இருப்பார்கள், எல்லையோ நிலைத்திருக்கும். சூடானின் டார்ஃபூர் பகுதியில் பயிர் செய்யும் ஃபுர் மக்களுட் சிலர் மாடுகளைச் சேர்த்து, மந்தையோடு அலையும் வாழ்வுக்கு மாறும்போது, காலப்போக்கில் பக்காரா அரபியராகவே கொள்ளப்பட்டனர். அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1954இல் ஆராய்ந்த புல்எளிய என்ற சிங்களக் கிராமம் அனுராதபுரத்துக்கு வடக்கே இருக்கிறது. மண உறவுக்குள் வெளியாள் வந்துவிட்டால், ‘வரிக’ எனப்படும் உறவுக் கூட்டத்தின் சபை தண்டம் வாங்கிக்கொண்டு அவரைத் தம்மவராக ஏற்றுக்கொள்ளும் வழி அங்கு இருந்தது. ஏற்கப்பட்டபின் எல்லோரும் ஒரே இரத்தம் என்றே பேசப்பட்டது. குளத்து நீரிலும் வயற் பங்கிலும் உரிமை பெற்ற ஒருவர், உறவினராகவும் ஆகிவிடுகிறார். வன்னிக் குளக் கிராமங்களின் வரலாற்றை எழுதுவோர், வயற் பங்கீட்டையும் கலியாணப் பதிவுகளையும் இந்தக் கண்ணோடு படித்தால் புதிய செய்திகள் பல கிடைக்கும்.

குடிசன மதிப்பீட்டின் வகுப்புகளை இயற்கையான பிரிவுகளாக எடுத்துக்கொள்வதும் தவறே. ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று அரசு தனித்தனியே எண்ணத் தொடங்கியது 1911இல்தான். எண்ணுவோர் வகுத்த கட்டங்கள் பின்னர் சட்டமாக இறுகுவதும் உண்டு. ருவாண்டாவில் 1933இல் பெல்ஜிய ஆட்சி அடையாள அட்டையில் ஹூட்டு, டூட்சி என்று பதித்தபின், முன்பு ஓரளவு மாறக்கூடியதாயிருந்த பிரிவு பிறப்பால் பூட்டப்பட்டது.

இந்த இடத்தில் மலையகத் தமிழரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஓர் இனக்குழுமம் உருவாவதைக் கிட்டத்தட்ட நம் கண்முன்னே காட்டும் வரலாறு அவர்களுடையது. 1820கள் தொடங்கி, திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனப் பல மாவட்டங்களிலிருந்தும், பல சாதிகளிலிருந்தும் மலையகத் தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர்கள் அவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை நோக்கி நடந்தபோது, கொலராவாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டவர்கள் பலர். புறப்படும்போது அவர்களிடையே ‘நாம் ஒரே மக்கள்’ என்ற எண்ணம் இருந்திருக்க நியாயமில்லை. தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லயன் அறைகளும், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி முறையும், 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையும், இந்தியாவுடனான 1964 ஒப்பந்தத்தின் பெயரால் பிரிக்கப்பட்ட குடும்பங்களும், தொழிற்சங்கப் போராட்டங்களும், காமன் கூத்தும் சேர்ந்து அவர்களை ஒரு மக்களாக்கின. 2023இல் அவர்கள் தம் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தனர்.

அம்மக்களுட் பெருந்தொகையானோர் 1970களின் பஞ்சத்துக்கும் 1977 இனக்கலவரத்துக்கும் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறினர். ‘காந்தியம்’ அமைப்பு அக்குடியேற்றங்களுக்குத் துணைநின்றது. காடு வெட்டிக் கிணறு தோண்டியவர்களும், போரில் நடுவே நின்று இழந்தவர்களும் அவர்களே. குடிசன மதிப்பீட்டில் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டோர் அவர்களிடையே பலர். இருந்தும், ஊர் வரலாறுகளில் அவர்கள் ‘பின்னர் வந்து குடியேறியவர்கள்’ என்ற ஒற்றை வரிக்குள் ஒடுக்கப்படுகிறார்கள். ‘தோட்டக்காட்டார்’ என்ற இழிசொல்லும் இன்னும் முற்றாக மறையவில்லை. யாழ்ப்பாணத்தின் காணி நெருக்கடியைத் தணிக்க 1936இல் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றத்தில் வந்தவர்களை எவரும் அவ்வாறு எழுதுவதில்லை. இரு சாராருக்கும் இடையிலான கால வேறுபாடு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்தான். ‘பூர்வீகம்’ என்ற அளவுகோல் காலத்தை அளக்கவில்லை, சாதியையும் காணி உரிமையையும் அளக்கிறது என்பதை இந்த வேறுபாடு காட்டிக்கொடுக்கிறது. இதை நான் சிறு பிழையாகக் கருதவில்லை. மலரொன்றில் அச்சான வரி, அடுத்த தலைமுறையில் காணிப் பிணக்கின்போது சான்றாக நீட்டப்படும்.

வழிபாடு பொதுவாக இருந்தால் குழும எல்லை இல்லையென்று எழுதுவதும் சரியன்று. மடு மாதா திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் வருகின்றனர். வற்றாப்பளையில் கண்ணகி அம்மனாகப் பொங்கல் பெறுபவளையே சிங்களவர் பத்தினித் தெய்வமாக வணங்குகின்றனர். இது நீண்ட காலக் கொடுக்கல் வாங்கலுக்குச் சான்று. அதற்குமேல் எதையும் இதிலிருந்து நிறுவ முடியாது.

இறுதியாக, இனக்குழும உருவாக்கம் பழங்காலத்தோடு முடிந்துவிட்டதாகக் கொள்ளும் தவறு. பண்டாரவன்னியனோடு வரலாற்றை நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகள், 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்த மக்களையும், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரையும், அங்கே உருவான மண உறவுகளையும் நட்புகளையும், மே 18இல் காய்ச்சப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியையும் வரலாறாகக் கணிப்பதில்லை. அதைவிடவும் வருத்தம் தருவது, 1990 ஒக்டோபரைப் பற்றிய மௌனம். அம்மாதம் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். அதுவரை மன்னார் முஸ்லிம், முல்லைத்தீவு முஸ்லிம், யாழ்ப்பாண முஸ்லிம் என்று ஊர் வழியாகவே தம்மை அறிந்திருந்தவர்கள், புத்தளத்து முகாம்களில் ‘வடக்கு முஸ்லிம்கள்’ என்ற புதிய பொது அடையாளத்தைப் பெற்றார்கள். இழப்பும், நிவாரண அட்டையும், திரும்பிச் செல்லும் உரிமைக்கான கோரிக்கையும் அந்த அடையாளத்தை வளர்த்தன. ஆகவே, முள்ளியவளைப் பகுதியின் வரலாற்றை எழுத முனைவோர் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் ஆகிய ஊர்களைத் தம் பட்டியலில் சேர்க்கவேண்டும். அவ்வூர்களுக்கு மீண்டவர்களைச் சந்திப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இன்னும் புத்தளத்தில் வாழும் அவ்வூர்க் குடும்பங்களையும் தேடிச் சென்று, அவர்களிடம் எஞ்சியுள்ள உறுதிகள், நிக்காஹ் பதிவுகள், பள்ளிவாசல் நினைவுகள் ஆகியவற்றை அவர்கள் சொல்லும் முறையிலேயே பதிவு செய்யவேண்டும்.