அணைத் தண்ணீரில் எத்தனை யூனிட்? உயரத்தில்தான் தப்பு நடக்கிறது

மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போது அந்தத் தண்ணீரில் எவ்வளவு நிலை ஆற்றல் இருக்கிறது என்று கேட்டால், பலரும் நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கும் வாய்ப்பாட்டை எடுத்து, 93.47 டிஎம்சி கொள்ளளவையும் 120 அடி உயரத்தையும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். சுமார் 26 கோடி யூனிட் வரும். அது ரொம்ப அதிகம்.

120 அடி என்பது மேல்மட்டத் தண்ணீரின் உயரம். அடியில் கிடக்கும் தண்ணீர் அவ்வளவு தூரம் விழப்போவதில்லை. சரி, சராசரியாகப் பாதி போடலாமே என்றால், நேர்ச்சுவர் தொட்டிக்குத்தான் அது பொருந்தும். பள்ளத்தாக்கு கீழே குறுகி மேலே விரிவதால் தண்ணீரில் பெரும்பங்கு மேலேதான் நிற்கிறது. ஆப்புபோல இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு உயரம், தலைகீழ்க் கூம்புபோல இருந்தால் நான்கில் மூன்று பங்கு. அப்படிப் போட்டால் மேட்டூருக்கு 18 முதல் 20 கோடி யூனிட் வரை வரும். துல்லியம் வேண்டுமென்றால் அணையின் நீர்மட்டம்-கொள்ளளவு அட்டவணையை எடுத்து அடி அடியாகக் கூட்டுங்கள், வேறு குறுக்குவழி இல்லை. இதே காரணத்தால், மட்டம் பாதியாகிவிட்டது, ஆற்றலும் பாதி என்பதும் தவறு: ஆப்பு வடிவத்தில் மட்டம் பாதியானால் தண்ணீர் கால்வாசி, ஆற்றல் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

அப்புறம், உயரத்தை எங்கிருந்து அளப்பது? அணையின் அடியிலிருந்து அல்ல, டர்பைன் இருக்கும் இடத்திலிருந்து. முல்லைப்பெரியாற்றில் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிறது, அங்கே அணையின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்றும் கிடைக்காது. அந்த அணையில் 104 அடிக்குக் கீழே உள்ள தண்ணீர் சுரங்கத்துக்குள் ஏறாது, எனவே மின்சாரக் கணக்கில் அதற்கு மதிப்பு பூஜ்யம். மொத்தக் கொள்ளளவைப் போடுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கன அடி) கன அளவு, நிறை அல்ல. ஒரு டிஎம்சி 2.83 கோடி கன மீட்டர், ஒரு கன மீட்டர் 1,000 கிலோ. உயரத்தை மீட்டரில் போட்டுப் பெருக்கினால் விடை ஜூல் என்ற ஆற்றல் அலகில் வரும், அதை 36 லட்சத்தால் வகுத்தால் யூனிட். குழாய், டர்பைன், ஜெனரேட்டர் இழப்புக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் கழியுங்கள்.

விடையைச் சரிபார்க்க நான் வைத்திருக்கும் எண்: ஒரு டிஎம்சி 100 மீட்டர் இறங்கினால், இழப்புக்கு முன், ஏறத்தாழ 77 லட்சம் யூனிட். நீலகிரியில் பைக்காரா தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் இறங்குகிறது, அதில் மூன்றே டிஎம்சி நிரம்பிய மேட்டூருக்குச் சமம்.