பி.காம் முடிச்சு அக்கவுண்ட்ஸ்ல இருக்கீங்களா? டெக் வேலைக்கு வர்ற வழி இதுதான்

நான் பி.காம். காலேஜ் முடிச்சதும் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல சேர்ந்தேன். டேலி அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல வவுச்சர் போடுறது, மாசம் 11-ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம் குடுக்குற ஜிஎஸ்டி ரிட்டர்ன்), 20-ம் தேதிக்குள்ள 3பி (வரி கட்டுற ரிட்டர்ன்), நடுவுல பேங்க் ரீகன்சிலியேஷன் (நம்ம கணக்கையும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் ஒட்டிப்பாக்குறது), பார்ட்டிக்கு போன் போட்டு பேமெண்ட் கேக்குறது, இதான் வேலை. இப்போ கோயம்புத்தூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில டேட்டா பக்கம் இருக்கேன். ஊர்ல இருக்குற ஜூனியர் பசங்க, பொண்ணுங்க எல்லாம் "அண்ணா நான் காமர்ஸ் குரூப், ஐடிக்கு வர முடியுமா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதை இங்க மொத்தமா எழுதிடுறேன்.

முதல் விஷயம், காமர்ஸை விட்டுட்டு வராதீங்க, அதையும் கூடவே தூக்கிட்டு வாங்க. இன்ஜினியரிங் படிச்சவங்க நாலு வருஷம் படிச்ச அல்காரிதத்துல போய் அவங்களோட முட்டுனா நமக்கு ரொம்ப நாள் ஆகும். ஆனா ஒரு கிரெடிட் நோட்டு வந்தா எந்தெந்த லெட்ஜர் மாறும், மார்ச்ல பில்லு போட்டு ஏப்ரல்ல சரக்கு வந்தா அதை எங்க காட்டணும், இன்புட் கிரெடிட் (வாங்குன சரக்குக்கு கட்டுன ஜிஎஸ்டியை நம்ம வரில கழிச்சுக்கிறது) எப்ப எடுக்கலாம், இதெல்லாம் அவங்களுக்கு ஒருத்தர் உக்காந்து சொல்லித்தரணும், நமக்கு அது தூக்கத்துல கேட்டாலும் தெரியும். அதனால பில்லிங் சாஃப்ட்வேர், ஈஆர்பி (கம்பெனியோட கணக்கு, ஸ்டாக், பர்ச்சேஸ் எல்லாத்தையும் ஒண்ணா பாக்குற சாஃப்ட்வேர்), பேங்க், ஆடிட் சம்பந்தப்பட்ட டெக் வேலையா தேடுங்க. டேட்டா அனலிஸ்ட், பிசினஸ் அனலிஸ்ட், ஈஆர்பி இம்ப்ளிமெண்டேஷன், எஸ்ஏபி-ங்கிற ஈஆர்பி-ல ஃபைனான்ஸ் மாட்யூல், அக்கவுண்டிங் சாஃப்ட்வேருக்கு டெஸ்டிங், சப்போர்ட், இப்படி நமக்குன்னு கதவு நிறையவே இருக்கு. உள்ள போனப்புறம் டெவலப்மெண்ட் பக்கம் மாறிக்கலாம், அப்படி மாறுனவங்க எங்க டீம்லயே இருக்காங்க.

எக்செல்ல இருந்து ஆரம்பிங்க. விலுக்கப் தெரியும்னு நிறுத்திக்காதீங்க, பிவட் டேபிள், எக்ஸ்லுக்கப், அப்புறம் முக்கியமா எக்செல்லுக்குள்ளயே இருக்குற பவர் குவெரி. மாசாமாசம் அதே ஃபைலை எடுத்து அதே காலத்தை (column) அழிச்சு அதே ஃபார்முலா போடுற வேலையை பவர் குவெரில ஒரு தடவை செட் பண்ணி வச்சா அடுத்த மாசம் ரெஃப்ரெஷ் மட்டும் பண்ணா போதும். "இதே வேலையை திரும்பத் திரும்ப ஏன் கையால பண்றோம்"ங்கிற கேள்வி மனசுல வந்துடுச்சுன்னா நீங்க பாதி புரோகிராமர் ஆயாச்சு.

அடுத்து எஸ்க்யூஎல், அதாவது டேபிளா இருக்குற டேட்டாகிட்ட கேள்வி கேட்டு பதில் எடுக்குற மொழி. இதுக்கு அவசரமே படாதீங்க, நல்லா ஊறணும். டேலி தெரிஞ்சவங்களுக்கு இது வேத்து ஆள் கிடையாது. லெட்ஜர் மாஸ்டர் ஒரு டேபிள், வவுச்சர் ஒரு டேபிள், வவுச்சர்ல வர்ற பார்ட்டி, லெட்ஜர் மாஸ்டர்ல இருந்தே ஆகணும் இல்லனா என்ட்ரியே போட முடியாது இல்லயா, அதைத்தான் அவங்க ஃபாரின் கீன்னு சொல்றாங்க. வீட்டு லேப்டாப்புல எஸ்க்யூலைட்டுங்கிற சின்ன டேட்டாபேஸை போட்டுக்கோங்க, ஃப்ரீதான், சர்வர் எதுவும் வேண்டாம். ரெண்டு டேபிள் பண்ணுங்க, ஒண்ணு பர்ச்சேஸ் பில்லு, ஒண்ணு பேமெண்ட். இப்போ உங்களுக்கு நீங்களே ஒரு கேள்வி கேளுங்க: பில் தேதில இருந்து 180 நாள் தாண்டியும் பணம் குடுக்காத பில்லு எதெது? ஜிஎஸ்டி சட்டப்படி 180 நாளுக்குள்ள சப்ளையருக்கு பணம் குடுக்கலனா எடுத்த கிரெடிட்டை திருப்பணும், அதனால இது எந்த கம்பெனிக்கும் தேவைப்படுற ரிப்போர்ட்.

இங்க ஒரு இடம் வரும், கவனமா பாருங்க. பில்லு டேபிளையும் பேமெண்ட் டேபிளையும் லெஃப்ட் ஜாயின் பண்ணி (எல்லா பில்லையும் வச்சு, அதோட பேமெண்ட்டை பக்கத்துல சேர்த்து) பில் தொகையை கூட்டுனா, 50,000 ரூபாய் பில்லுக்கு பார்ட்டி ரெண்டு தவணைல பணம் வாங்கியிருந்தா அந்த பில்லு ரெண்டு வரியா வந்து கூட்டுத்தொகைல 1,00,000 ஆகிடும். குவெரி எரர் எதுவும் காட்டாது, அழகா ரன் ஆகும், பதில் மட்டும் தப்பு. புதுசா வர்ற பல பேரு இதை கவனிக்காம ரிப்போர்ட்டை அனுப்பிடுவாங்க. நம்ம கை தானா என்ன பண்ணும்? பர்ச்சேஸ் ரிஜிஸ்டர் டோட்டலை எடுத்து பக்கத்துல வச்சுப் பாக்கும், டேலி ஆகலன்னா உள்ள எதோ இருக்குன்னு தெரிஞ்சிடும். பேமெண்ட்டை முதல்ல பில் வாரியா கூட்டிட்டு அப்புறம் ஜாயின் பண்ணா சரியாகிடும். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் டோட்டல் சரிபாக்குற அந்தப் பழக்கம்தான் டெக்ல நம்மளோட பெரிய பலம், இதை நான் மனசார சொல்றேன்.

இப்போ ப்ராஜெக்ட். யூட்யூப்ல எல்லாரும் பண்ற டைட்டானிக் கப்பல் பயணிங்க டேட்டா, வீட்டு விலை கணிப்பு எல்லாம் வேண்டாம், உங்களுக்குத் தெரிஞ்ச வலியை எடுங்க. நான் சொல்றது ஜிஎஸ்டிஆர்-2பி ரீகன்சிலியேஷன். 2பின்னா, சப்ளையர்ங்க காட்டுன பில்லை வச்சு நமக்கு எவ்வளவு கிரெடிட்னு ஜிஎஸ்டி போர்ட்டல் தர்ற பட்டியல். 2பி மாசம் 14-ம் தேதி போர்ட்டல்ல வரும், 2022 ஜனவரி 1-ல இருந்து 2பில வராத பில்லுக்கு கிரெடிட் எடுக்க முடியாது, அதனால நம்ம பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் 2பியையும் ஒட்டிப்பாக்குறது எல்லா கம்பெனிலயும் நடக்குற வேலை. இதை பைத்தான் புரோகிராமிங் மொழில எழுதுங்க, டேபிள் டேட்டாவை கையாளுற பாண்டாஸ் லைப்ரரி போதும்.

எப்படின்னா, சப்ளையர் ஜிஎஸ்டின் (ஜிஎஸ்டி பதிவு நம்பர்) ப்ளஸ் இன்வாய்ஸ் நம்பர், இதுதான் ஒட்டுற சாவி. ஜிஎஸ்டின் 15 எழுத்து, முதல் ரெண்டு மாநில கோடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து பேன் நம்பர், இதை வச்சு தப்பா டைப் பண்ணதை ஆரம்பத்துலயே பிடிச்சிடலாம். தலைவலி இன்வாய்ஸ் நம்பர்லதான். சப்ளையர் 045ன்னு போட்டிருப்பாரு, நம்ம ஆளு 45ன்னு என்ட்ரி போட்டிருப்பாரு. 12-5ன்னு பில் நம்பர் இருந்தா எக்செல் அதை தேதியா மாத்தி வச்சிருக்கும். அதனால எக்செல்ல என்ட்ரி போடுறதுக்கு முன்னாடியே பில் நம்பர் காலத்தை டெக்ஸ்ட்டா மாத்தி வைங்க, பைத்தான்ல ஃபைலை படிக்கும்போதும் எல்லா காலத்தையும் டெக்ஸ்ட்டா படிக்கச் சொல்லுங்க. அப்புறம் ஸ்லாஷ், ஹைஃபன், ஸ்பேஸ், முன்னாடி இருக்குற பூஜ்ஜியம் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒப்பிடுங்க. ஆனா ஸ்லாஷை எடுத்தா 1/11-ம் 11/1-ம் ரெண்டுமே 111 ஆகிடும், ஒரே சப்ளையர்கிட்ட இப்படி ரெண்டு பில்லு மோதுதான்னு முதல்ல செக் பண்ணிட்டு, மோதுறதை தனியா ஒதுக்கி வச்சு கண்ணால பாக்க விடுங்க. தொகைல ஒரு ரூபாய் வரைக்கும் ரவுண்ட் ஆஃப் வித்தியாசம் விட்டுடலாம். கடைசில நாலு ஷீட்டு வரணும்: ஒட்டுனது, தொகை மாறுறது, நம்ம புக்ஸ்ல இருக்கு ஆனா 2பில இல்லாதது, 2பில இருக்கு ஆனா நம்ம புக்ஸ்ல இல்லாதது. மூணாவது ஷீட்டைத்தான் ஓனர் கேப்பாரு, ஏன்னா எந்த சப்ளையருக்கு போன் போடணும்னு அதுலதான் தெரியும்.

கம்பெனி டேட்டாவை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, கோடை எல்லாரும் பாக்குற மாதிரி போட்டு வைக்கிற கிட்ஹப் சைட்ல போடவே போடாதீங்க, அது உங்க ஓனர் உங்க மேல வச்ச நம்பிக்கை. பார்ட்டி பேரு, ஜிஎஸ்டின் எல்லாம் கற்பனையா நீங்களே ஒரு ஃபைல் தயார் பண்ணுங்க. டேலி எஜுகேஷனல் மோடுல லைசென்ஸ் இல்லாமலே கம்பெனி ஓப்பன் பண்ணி சில தேதிகள்ல மட்டும் என்ட்ரி போட விடும், ப்ராக்டிஸுக்கு அது தாராளம்.

பைத்தான்ல 0.1 + 0.2 போட்டுப் பாருங்க, 0.30000000000000004ன்னு வரும். கம்ப்யூட்டர் தசமத்தை பைனரில வைக்கிறதால அப்படி. பைசா கணக்கு பாக்குறவங்களுக்கு இதைப் பாத்தா பகீர்னு இருக்கும், இருக்கணும். பணத்துக்கு பைத்தான்ல இருக்குற டெசிமல் மாட்யூல் யூஸ் பண்ணுங்க, இல்லனா எல்லாத்தையும் பைசாவா மாத்தி முழு எண்ணா வச்சுக்கோங்க. இன்டர்வியூல இதை நீங்களா எடுத்துச் சொன்னா எதிர்ல உக்காந்திருக்கறவங்க நிமிர்ந்து பாப்பாங்க.

எங்க படிக்கிறதுன்னா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஃப்ரீயா இருக்கறதை முடிங்க. ஐஐடிங்க நடத்துற என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ் வீடியோ எல்லாம் ஃப்ரீ, சர்டிஃபிகேட் எக்ஸாமுக்கு மட்டும்தான் ஃபீஸ். ஹார்வர்டோட சிஎஸ்50ங்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் கோர்ஸ் ஃப்ரீயா இருக்கு, அதுல பைத்தானுக்குன்னே தனி கோர்ஸ் உண்டு. டிகிரியாவே வேணும்னா சென்னை ஐஐடியோட ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் பாருங்க, பன்னெண்டாவதுல எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம், பத்தாவதுல மேக்ஸும் இங்கிலீஷும் படிச்சிருக்கணும், நாலு வாரம் படிச்சு குவாலிஃபையர்ங்கிற தகுதித் தேர்வு எழுதணும். வேலைல இருந்துட்டே படிக்கலாம், ஆனா லேசான படிப்பு இல்ல, வீட்டுல சொல்லி நேரம் ஒதுக்கிக்கோங்க. டிகிரி இல்லாம ஃப்ரீ கோர்ஸ் மட்டும்னா தினமும் வேலை முடிஞ்சு ஒரு மணி நேரம் உக்காந்தா போதும், 3பி ஃபைல் பண்ற வாரத்துல முடியலன்னா விட்டுடுங்க, அடுத்த வாரம் தொடருங்க.

இதை ரொம்ப அழுத்தியே சொல்றேன், "மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம், வேலை கன்ஃபர்ம்"னு லட்சக்கணக்குல பணம் கேக்குற இடத்துக்கு போகவே போகாதீங்க. கம்பெனிங்க பேக்ரவுண்ட் செக்ல யூஏஎன்ங்கிற பிஎஃப் நம்பரை வச்சு பிஎஃப் ஹிஸ்டரி பாக்குறாங்க, எந்த கம்பெனில எப்போ இருந்தீங்கன்னு அதுல அப்படியே இருக்கும். கஷ்டப்பட்டு அம்மா அப்பா நகையை வச்சு குடுத்த பணம் போயி, சேர்ந்த வேலையும் போயி உக்காந்திருக்குற பசங்களை எனக்குத் தெரியும், நினைச்சா வயிறு எரியுது. உங்களோட நிஜமான அக்கவுண்ட்ஸ் அனுபவமே அனுபவம்தான், அதை ஒழுங்கா எழுதுனா போதும்.

ரெஸ்யூமேல "டேலி, எம்எஸ் ஆபீஸ் தெரியும்"னு எழுதாதீங்க. எத்தனை பில்லு வர்ற இடம், எந்த வேலையை எதால ஆட்டோமேட் பண்ணீங்க, அதனால எவ்வளவு நேரம் மிச்சம்னு எழுதுங்க. முதல் வேலைக்கு பெரிய கம்பெனிக்கு மட்டும் போட்டுட்டு காத்திருக்காதீங்க. நீங்க இப்போ இருக்குற கம்பெனிலயே ஈஆர்பி மாத்துறாங்கன்னா கையைத் தூக்கி "நான் பாக்குறேன் சார்"னு முன்னாடி நில்லுங்க, டேட்டா மைக்ரேஷன், மாஸ்டர் க்ளீன் பண்றது, யூசர் ட்ரெய்னிங், எல்லாமே அங்கயே கத்துக்கலாம், இங்கிலீஷ் இன்டர்வியூல சொல்றதுக்கு சொந்தக் கதையும் கிடைக்கும். இங்கிலீஷ் தடுமாறுதேன்னு பயப்படுறவங்க, உங்க 2பி ப்ராஜெக்ட்டை மட்டும் கண்ணாடி முன்னாடி நின்னு திரும்பத் திரும்ப சொல்லிப் பாருங்க, தெரிஞ்ச விஷயத்துக்கு வார்த்தை தானா வரும்.

சம்பளம் ஆரம்பத்துல இப்போ வாங்குறதுக்கு சமமாவோ கொஞ்சம் கம்மியாவோ கூட வரலாம், வீட்டுல ஈஎம்ஐ இருந்தா அதுக்கு முன்கூட்டியே பேசி வச்சுக்கோங்க. ஆஃபர் லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் ராஜினாமா லெட்டர் குடுக்காதீங்க. மார்ச் முடிவு, ஆடிட் நேரத்துல விட்டுட்டு ஓடாம, புது கம்பெனில ஜாயினிங் தேதியை கேட்டு ரெண்டு வாரம் தள்ளிக்கோங்க, பெரும்பாலும் குடுப்பாங்க. ரிலீவிங் லெட்டர், கடைசி மூணு மாச சேலரி ஸ்லிப், பிஎஃப்ல வெளியேறுன தேதி அப்டேட் ஆச்சான்னு பாத்துட்டு கிளம்புங்க, சின்ன கம்பெனிங்கள்ல அந்த தேதியை போட மறந்துடுவாங்க, அப்புறம் அலையறது நீங்கதான்.